சும்மா கிடக்கும் இடம்

அன்புள்ள ஐயா,

வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். வரைகலை வடிவமைப்பில் டிப்ளோமா படிக்கிறேன். புள்ளி, கோடு, வடிவம், நிறம், இழைநயம், வெளி ஆகியவையே காட்சியின் அடிப்படைக் கூறுகள் என்று வகுப்பில் படித்தோம். இவற்றுள் எதை முதலில் கற்றுத் தேற வேண்டும்? எந்த வடிவத்துக்கு எந்த நிறம் பொருந்தும்? எந்த மென்பொருள் நல்லது? இரத்ததான முகாம் ஒன்றுக்கான மும்மொழிச் சுவரொட்டியைப் பயிற்சியாகச் செய்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஓரங்களில் இடம் சும்மா கிடந்ததால் அங்கெல்லாம் பூங்கொடி வரைந்தேன். விரிவுரையாளர் அதற்காகப் புள்ளிகளைக் குறைத்துவிட்டார். காரணம் விளங்கவில்லை.

ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

இந்நகரத்தின் மும்மொழிப் பலகைகளில் தமிழ் வரி மட்டும் ஏன் இப்படி நெரிபடுகிறது என்று அண்மைக் காலமாக யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உமது சுவரொட்டி வந்து சேர்ந்தது. அதனால்தான் மற்றக் கடிதங்களைத் தள்ளிவைத்துவிட்டு உமக்கு எழுதுகிறேன்.

மென்பொருள் எதுவானாலும் சரி. ஒருங்குறியில் (யூனிகோட்) தட்டிய தமிழில் கொம்பும் காலும் இடம் மாறாமல் காட்டினால் போதும். வடிவத்துக்கேற்ற நிறம் எது என்று கேட்கிறீர். ஜெர்மனியின் பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியில் கற்பித்த ஓவியர் கண்டின்ஸ்கி 1923இல் இதே கேள்வியை ஒரு படிவமாக அச்சிட்டு அங்கிருந்தவர்களிடம் கொடுத்தார். முக்கோணத்துக்கு மஞ்சள், சதுரத்துக்குச் சிவப்பு, வட்டத்துக்கு நீலம் என்பது அவருடைய முடிவு. குங்குமப் பொட்டைப் பார்த்து வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளை வட்டம் நீலம் என்று சொல்லுமா? வெள்ளை சமாதானத்தின் நிறம் என்று பாடக்குறிப்பில் இருக்கலாம். கொழும்பு ஒழுங்கை ஒன்றில் வெள்ளைக் கொடிகள் கட்டியிருந்தால், உள்ளே மரண வீடு இருக்கிறது என்று நாம் குரலைத் தாழ்த்திக்கொண்டு நடக்கிறோம். பார்ப்பவர் யார், பக்கத்தில் வேறென்ன நிறம் நிற்கிறது என்பவற்றை விட்டுவிட்டு நிறத்துக்கு அட்டவணை தேடுவது வீண் வேலை. அதை இத்தோடு விடும்.

இனிப் பூங்கொடிக்கு வருகிறேன். ஆறு கூறுகளின் பெயர்களையும் ஒப்புவித்த நீர், ஆறாவதாக எழுதிய வெளியை, அதாவது வெற்றிடத்தை, ஒரு கூறாகவே மதிக்கவில்லை. கோடும் நிறமும் நீர் வைத்தவை, வெளி தாளோடு வந்தது என்ற எண்ணம் உமது சுவரொட்டி முழுவதும் தெரிகிறது. விரிவுரையாளர் காரணத்தையும் சொல்லியிருக்கலாம். ஆனால் புள்ளி குறைத்தது நியாயம்.

இளமையில் கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சுக்கூடத்தில் மெய்ப்புப் பார்த்தேன். அங்கே அச்சுக் கோர்த்த முதியவரை நாங்கள் எல்லோரும் அண்ணை என்றே அழைப்போம். ஈய எழுத்துகளின் காலம் அது. ஒரு விசையைத் தட்டி வெற்றிடம் உண்டாக்க வழியில்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையிலும், வரிக்கும் வரிக்கும் இடையிலும், பக்கத்தின் ஓரங்களிலும், எங்கெல்லாம் வெறுமை வேண்டுமோ அங்கெல்லாம் எழுத்தைவிட உயரம் குறைந்த துண்டையோ தகட்டையோ பொறுக்கி எடுத்துக் கையால் வைக்க வேண்டும். உயரம் குறைவு என்பதால் அதில் மை படாது. தாளில் அவ்விடம் வெள்ளையாக நிற்கும். அந்தத் துண்டுகளைக் குறைத்து வைத்தால் வரி தளர்ந்துவிடும். இரும்புச் சட்டத்தில் இறுக்கித் தூக்கும்போது, கோர்த்த எழுத்தெல்லாம் கலகலவென்று மேசையில் கொட்டிவிடும். ஒருமுறை மரண அறிவித்தல் அச்சிட வந்த ஒருவர் மெய்ப்பைப் பார்த்துவிட்டு, இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, காசு கொடுத்ததுதானே, இன்னும் நான்கு மருமக்களின் பெயரைப் போட்டால் என்ன என்று கேட்டார். அண்ணை தலை நிமிராமல், "அது சும்மா கிடக்கேல்லை தம்பி, நான் வைச்சது" என்றார்.

கணினியில் வேலை செய்யும் உமக்கு அந்த ஈயத்தின் பாரம் கையில் படுவதில்லை. அதனால்தான் உமது தமிழ் வரிக்கு நேர்ந்ததை நீர் கவனிக்கவில்லை. ஆங்கிலத் தலைப்பு முழுவதும் பெரிய எழுத்துகளில் இருக்கிறது. அவை எல்லாம் ஒரே உயரம், மேலேயும் கீழேயும் எதுவும் நீட்டிக்கொண்டிருப்பதில்லை. அதற்குப் பொருந்திய வரியிடைவெளியையே தமிழுக்கும் கொடுத்திருக்கிறீர். தமிழில் மெய்யின் புள்ளியும் இகரத்தின் விசிறியும் மேலே எழும்; உகரத்தின் சுழிப்புக் கீழே இறங்கும். ஆகவே இரண்டாம் வரியின் புள்ளிகள் முதல் வரியின் வால்களில் போய் மோதுகின்றன. நீளம் கொள்ளவில்லை என்றதும் வரியைப் பக்கவாட்டில் நசுக்கியிருக்கிறீர். அப்படி நசுக்கினால் எழுத்தின் நிலைக்கோடுகள் மெலிந்துபோகும், கிடைக்கோடுகள் பழைய தடிப்பிலேயே நிற்கும். எழுத்துருவை வரைந்தவர் கணக்குப் பார்த்து வைத்த அளவெல்லாம் குலைந்துவிடும். அதைவிட மோசம், எழுத்துக்குள்ளே இருக்கும் வெளி அடைபடுவது. "நண்பனுடன் வாருங்கள்" என்று அழைத்திருக்கிறீர். மூன்றுசுழி ணகரத்தையும் இரண்டுசுழி னகரத்தையும் பிரித்துக் காட்டுவது சுழிகளுக்குள் இருக்கும் அந்தச் சிறு வெள்ளைதான். உமது சுவரொட்டியைப் பத்தடி தள்ளி வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன. சிங்களமும் ஆங்கிலமும் வசதியாக உட்கார்ந்திருக்க, தமிழ் மட்டும் பஸ் மிதிபலகையில் ஒற்றைக் காலில் தொங்குகிறது. அதைச் சுற்றிலும் பூங்கொடி! இடமில்லாமல் நசுக்கிய வரிக்குப் பக்கத்தில், இடம் மிஞ்சிவிட்டது என்று பூ வரைந்திருக்கிறீர், மகள்.

1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. ஒரு பலகையில் அந்த மொழிக்கு எத்தனை அங்குலம் என்று முடிவு செய்வது, மேசையில் இருந்து வரையும் உம்மைப் போன்ற ஒருவர்தான். அண்மையில் ஒரு அலுவலகத்தின் வாசலில், தமிழ் வரி இதே விதமாக நசுங்கியிருப்பதைப் பார்த்து நெடுநேரம் எரிச்சலோடு நின்றேன். அந்தப் பலகையை வரைந்தவருக்குத் தமிழ் தெரியாது என்று மன்னிக்கலாம். உமக்கு அந்தச் சலுகை கிடையாது.

இதையெல்லாம் படித்துவிட்டு, நிரப்புவதே குற்றம் என்று எண்ணிவிடாதீர். புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் 1908இல் கட்டத் தொடங்கிய சிவப்புப் பள்ளிவாசலைப் போய்ப் பாரும். முகப்பு முழுவதும் சிவப்பும் வெள்ளையும். பட்டைகளாகவும் கட்டங்களாகவும் இடைவெளியின்றி ஓடுகின்றன. அங்கே வெள்ளையின் மேல் சிவப்பா, சிவப்பின் மேல் வெள்ளையா என்று உம்மால் சொல்ல இயலாது. வெள்ளையையும் சிவப்பைப் போலவே அளந்து வைத்திருக்கிறார்கள். எதை முதலில் கற்பது என்ற உமது கேள்விக்கு அங்கே நின்று பார்ப்பதே தொடக்கமாக இருக்கட்டும். வெயில் ஏறுவதற்கு முன் போகவும்.

பிறகு சுவரொட்டியைத் திரும்பச் செய்யும். தமிழ் வரியை முதலில் அமைத்து, அதன் புள்ளிக்கும் சுழிப்புக்கும் வேண்டிய இடைவெளியை அளந்து, அந்த அளவையே மற்ற இரண்டு மொழிகளுக்கும் கொடும். அவற்றுக்கு அதனால் ஒரு குறையும் வராது. கொடியை முழுவதும் அழித்துவிடும். உமக்குக் கை நன்றாக வருகிறது, அந்தத் தண்டின் வளைவுகளில் அது தெரிகிறது. அதை வேறொரு தாளில் வரைந்து எனக்கு அனுப்பும். கடைசியாக ஒன்று. மூன்று மொழிகளிலும் தேடிவிட்டேன், இரத்தம் கொடுக்க எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று உமது சுவரொட்டியில் எங்குமே இல்லை.