கல்லை முடித்தானா?

கேள்வி: திண்டுக்கல் பக்கமிருந்து கேரளாவில் பாலக்காட்டுப் பக்கம் பிழைக்க வந்து எட்டு வருஷம். கணவருக்குக் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை. மலையாள மீடியத்தில் படித்த என் மகனுக்கு வயது 18. சாயங்காலம் செண்டை மேளம், ஞாயிற்றுக்கிழமை சுவரோவியம். இப்போது தோல்பாவைக்கூத்தும் கற்கப்போகிறானாம். ‘பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்’ என்கிறார் என் அண்ணன். எதையாவது விடச் சொல்லட்டுமா?
– ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை

பதில்: உங்கள் அண்ணன் ஒரு ராத்திரியாவது தோல்பாவைக்கூத்து நடக்கும் கூத்துமாடத்து முன்னால் உட்கார்ந்திருக்கிறாரா அம்மா? பகவதி கோயில் வாசலில் நீளமாக ஒரு திரை, பின்னால் தேங்காய் மூடிகளில் 21 விளக்கு. பாவையை ஆட்டுகிறவரே கம்பன் பாட்டைச் சொல்கிறார், அதற்கு உரையும் சொல்கிறார். அதனால்தான் அவருக்குப் புலவர் என்று பெயர். பாவை வெட்டுவதும் அந்தக் குடும்பங்களின் கைவேலைதான். முன்பு மான் தோல், இப்போது ஆட்டுத் தோல். ராவணன் மகுடத்தில் உளியால் குத்திய பொத்தல் வழியே வெளிச்சம் கசிந்தால்தான் திரையில் நகை மின்னும். பொத்தல் பிசகினால் வெறும் கறுப்பு. இந்தப் புலவர் எத்தனை மரம் கண்ட தச்சர் என்று அண்ணனைக் கேளுங்கள். (உங்களுக்கு முன்பே இங்கே குடியேறியவர் கம்பர். வாளையாறு எல்லைச் செக்போஸ்ட் எல்லாம் அப்புறம் வந்தது.)

அதற்காக அண்ணன் சொன்னதைத் தள்ளிவிடவும் முடியவில்லை. 1930இல் மலையாளக் கவிஞர் வள்ளத்தோள் தொடங்கிய கலைப்பள்ளியான கலாமண்டலத்தில் கதகளியை எப்படிச் சொல்லித்தருகிறார்கள்? வேஷம் கட்டி ஆடுவது தனி, பாட்டு தனி, செண்டை தனி, மத்தளம் தனி. முகத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு வைக்கிற சுட்டிக்குக்கூடத் தனிப் படிப்பு. ஆனாலும் தாளம் தெரியாத வேஷக்காரன் அங்கே மேடையில் நிற்க முடியாது.

ஆகவே எத்தனை கலை என்று எண்ணாதீர்கள். செண்டை ஆசான் எடுத்ததும் தோலைத் தொட விடமாட்டார். கருங்கல் முன்னால் உட்காரவைத்துப் புளியங்கட்டையால் அடிக்கச் சொல்வார். மணிக்கட்டு வீங்கும், பக்கத்து வீட்டுக்காரர் திட்டுவார். உங்கள் மகன் அந்தக் கல்லை முடித்தானா? மூன்றாம் வாரமே கல் சலித்துப்போய்த்தான் தூரிகையைத் தூக்கினான் என்றால் அண்ணன் சொல்வது சரி. நாளைக்கு உளியும் சலிக்கும். முடித்தவன் என்றால் விட்டுவிடுங்கள். சுவரோவியத்தில் நகைக்குக் கோடு இழுத்துப் பழகிய கை உளியைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். செண்டையில் ஊறிய தாளம் பாட்டுச் சொல்லும்போது கூடவே வரும். மூன்று பக்கம் ஓடுகிறான் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கென்னவோ மூன்று வழியாகவும் கூத்துமாடத்துக்கே போகிறான் என்று படுகிறது.

வருமானம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கோயிலுக்குள்ளே மேளம் வழிவழியாக மாரார் சமூகத்தார் கையில். வெளியே செண்டையில் அடிக்கும் சிங்காரி மேளத்துக்கு அந்தக் கெடுபிடி இல்லை. உற்சவக் காலத்தில் கைச்செலவுக்காவது ஆகும்.

எனக்கு உறுத்துவது வேறு. மலையாள மீடியம் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் தமிழ் பேசுவான், சரி. படிப்பானா? கம்பன் பாட்டைப் பொருள் தெரியாமல் ஒப்பித்தால் உரை எப்படிச் சொல்வான்? உங்கள் அண்ணனுக்குப் பழமொழியெல்லாம் நன்றாக வருகிறது. அடுத்த தடவை வரும்போது கம்பராமாயணத்தை எடுத்து அவர் கையில் கொடுங்கள். தினமும் ஒரு பாட்டு, சீர் பிரித்துச் சொல்லித்தரட்டும்.