எம்டனும் ஒரு பால் மங்கும்

வணக்கம் ஐயா,

போன மாதம் பினாங்குக்குப் போனபோது மேற்குச் சாலை கிறிஸ்தவ இடுகாட்டில் ஒரு நினைவுச்சின்னத்தைப் பார்த்தேன். முதல் உலகப்போரில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்த ‘ஜெம்சுக்’ என்ற ரஷ்யப் போர்க்கப்பலின் மாலுமிகளுக்காம். எம்டனில் நம் விடுதலைப் போராட்டக்காரர் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்கிறார்களே, உண்மையா? ஜெம்சுக் மூழ்கும்போது அதன் தளபதி ஹோட்டலில் இருந்தாராமே? எங்கிருந்தோ வந்த ரஷ்யர்களுக்குக் கல் இருக்கிறது, இரண்டாம் உலகப்போரில் சயாமில் (இன்றைய தாய்லாந்து) ஜப்பான்காரனுக்கு ரயில் போடப் போய்ச் செத்த நம் ஆட்களுக்கு எங்கள் ஊரில் ஒன்றுமே இல்லை. நண்பர்கள் சேர்ந்து நிதி திரட்டி ஒரு தூண் எழுப்பலாம் என்றிருக்கிறோம். என் அப்பத்தாகூட (91 வயது) அந்தக் காலத்தைப் பற்றி ஏதேதோ சொல்வார். தூணில் பொறிக்க நீங்கள் நாலு வரி எழுதித் தர வேண்டும்.

கே., கூலிம், மலேசியா

அன்புள்ள தம்பி,

செண்பகராமன் எம்டனில் இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. 1914 செப்டம்பரில் அவர் ஐரோப்பாவில் இருந்தார். இதை எத்தனை முறை சொன்னாலும் நம் ஆட்கள் அவரை மறுபடி கப்பலேற்றிவிடுகிறார்கள். தளபதி கரையில்தான் இருந்தார், விசாரணை நடந்து பதவியும் போனது. அதற்கு மேல் அந்தக் கதையில் வம்புதான் இருக்கிறது.

எம்டன் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது பாட்டியின் வாயிலிருந்து. சுங்கை பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். ஒட்டுப்பாலைத் திருடி விற்று ஐஸ் கச்சாங் தின்றுவிட்டு, கோயிலில் இருந்தேன் என்று சாதிப்பேன். “எம்டன் பய, எங்கிட்டயே கதை விடுறான்” என்பாள்.

1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன கப்பல் அது. சனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடினார்கள். சரியாக 36 நாள் கழித்து, அக்டோபர் 28 விடியற்காலையில் பினாங்குத் துறைமுகத்துக்குள் வந்தது. மூன்று புகைபோக்கிக் கப்பல், நாலாவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை மாட்டிக்கொண்டு பிரிட்டிஷ் கப்பல் மாதிரி நுழைந்தது. 1905 ட்சுஷிமா சண்டையில் ஜப்பான்காரனிடமே தப்பிய ஜெம்சுக், நங்கூரம் போட்ட இடத்திலேயே முழுகிப்போனது. ஏறத்தாழ 90 பேர் செத்தார்கள். ஜெம்சுக் என்றால் ரஷ்ய மொழியில் முத்து. அடுத்த 12 நாளில் கொக்கோஸ் தீவில் எம்டன் கதையும் முடிந்தது. பாட்டிக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்கு எம்டன் என்றால் நான்.

அந்த மாலுமிகளில் சிலரைப் பினாங்கை ஒட்டிய ஜெரெஜாக் தீவிலும் புதைத்திருக்கிறார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த பாட்டியை, நோய் கொண்டு வந்திருப்பாள் என்று தடுத்து வைத்ததும் அதே தீவில்தான். பத்து நாள் கஞ்சி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். கல்லறை எதையும் பார்த்ததாகச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

தாத்தாவை 1943இல், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வைத்தே ஜப்பான்காரர்கள் பிடித்துப் போனார்கள். மூன்று மாத வேலை, சம்பளம் உண்டு என்று சொன்னார்களாம். கூட நாலு பேர். 415 கிலோமீட்டர் சயாம் ரயில் பாதை அந்த வருடம் அக்டோபரில் இணைந்துவிட்டது. தாத்தா வரவில்லை. பாட்டி அதற்கப்புறமும் பல வருடம் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள், அவர் மரத்திலிருந்து எடுத்து வைத்திருந்த, ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணமான பால் மங்கு ஒன்றைச் சுடுகாட்டு ஓரத்தில் கவிழ்த்துப் புதைத்தாள். அடிப்பக்கம் மட்டும் ஒரு வெள்ளிக்காசு அகலத்துக்கு வெளியே தெரியும். ஆடி அமாவாசைக்கு அதன்மேல் கற்பூரம் கொளுத்துவாள்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது அதைத் தோண்டி எடுத்தேன். உள்ளே காய்ந்த பால் தோல் மாதிரி ஒட்டியிருந்தது, கறுத்துப்போய். பந்து செய்யலாமென்று நகத்தால் உரித்தேன். பாட்டி கன்னத்தில் அறைந்த அறையில் காது அடைத்துக்கொண்டது. “அவரு வெட்டுன பாலுடா” என்றாள். உரித்த துணுக்குகளைப் பொறுக்கி மங்குக்குள்ளேயே போட்டு மறுபடி கவிழ்த்தாள்.

தோட்டம் விற்று, எண்ணெய்க்குச் செம்பனை நட்டு, அதையும் வெட்டி இப்போது வீடுகள் நிறைந்த தாமான் ஆகிவிட்டது. போன வாரம்தான் அந்தப் பக்கம் போனேன். சுடுகாடு இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. இதையே நினைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம்.

சரி, தூணுக்கு வருவோம். அதில் என்ன பொறிப்பீர்கள்? ‘சயாம் மரண ரயிலில் உயிர்நீத்த தமிழர்களுக்கு’ என்றா? அதன் கீழே நன்கொடையாளர் பெயர்கள், திறந்து வைத்தவரின் பட்டங்கள்? செத்தவனைத் தவிர எல்லாருக்கும் பெயர் இருக்கும். போர்க்கப்பலுக்கு மாலுமிப் பட்டியல் உண்டு. தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் பெயரோடு படுத்திருக்கிறார்கள், ராணுவம் எழுதி வைத்திருந்ததால். தோட்டத்துக்கும் செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு இருந்தது தம்பி. ஒவ்வொரு நாளும் கணக்கெழுதும் கிராணி பெயர் பெயராகக் குறித்தார். அது கரையான் அரித்ததோ, அடுப்புக்குப் போனதோ. மிச்சமிருப்பது யாராவது கிழவியின் தலைக்குள் இருப்பதுதான்.

நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள்? அந்தக் கிழவியை அடைப்புக்குறிக்குள் போட்டு, ஒரு ‘கூட’ சேர்த்து, ‘ஏதேதோ சொல்வார்’ என்று தள்ளிவிட்டீர்கள். அது என்ன ஏதேதோ? 1943இல் அவருக்கு எட்டு ஒன்பது வயது. எந்த வீட்டில் எந்தச் சிநேகிதியின் அப்பா காணாமல் போனார் என்று அந்த வயசுப் பிள்ளைக்குத் தெரியாதா? உட்கார்ந்து கேட்டீர்களா? ஒரு நாள், ஒரு மணி நேரம்? சிமெண்டுக்கு விலை விசாரித்திருப்பீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். கேட்காமல் விட்டவன்தான் நானும். தாத்தாவோடு போன நாலு பேரில் ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். கட்டையன். அதுவும் பட்டப்பெயர். பாட்டி 1979 வரை இருந்தாள்.

“சயாமைப் பத்திச் சொல்லுங்க” என்று ஆரம்பிக்காதீர்கள், அழுதுவிடுவார். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் முதல் வீட்டில் யார் இருந்தார்கள், இரண்டாவது வீட்டில் யார் என்று வரிசையாகக் கேளுங்கள். பட்டப்பெயர் சொன்னாலும் எழுதிக்கொள்ளுங்கள். நாலு வரியெல்லாம் நான் தருவதாக இல்லை. வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் புத்தகத்தோடு நானே கூலிமுக்கு வருகிறேன். அப்பத்தா மத்தியானம் எத்தனை மணிக்குத் தூங்கி எழுவார் என்று மட்டும் எழுதுங்கள்.