வடைக்கு ஒன்று, ஆப்பிளுக்கு ஒன்று

கேள்வி: பிரான்ஸில் துலூஸ் நகரத்தில் வேலை பார்க்கிறேன். லிமூ ஊர்க்காரரான சக ஊழியர் ஒருவர் 'பிளாங்கெத் த லிமூ' வைன் இரண்டு பாட்டில் தந்தார். ஒன்றில் 'ப்ருட்' என்றும், மற்றதில் 'மெத்தோட் ஆன்செஸ்த்ரால்' என்றும் போட்டிருக்கிறது. சனிக்கிழமை அவரோடு சேர்த்து நான்கு பேர் விருந்துக்கு வருகிறார்கள். மெதுவடை, காரமான சிக்கன் வறுவல், கடைசியில் சாக்லேட் கேக் என்று திட்டம். எந்த பாட்டிலை எப்போது திறப்பது?

பதில்: வடை பிரமாதமாகப் பொருந்தும். கேக்கை மாற்றிவிடுங்கள், சிக்கனில் மிளகாயைக் கவனியுங்கள்.

இரண்டும் ஒரே ஊர் நுரை வைன்தான், ஆனால் விருந்தில் வேலை வேறு. ப்ருட் பாட்டிலில் பெரும்பங்கு மொசாக் என்ற உள்ளூர் வெள்ளைத் திராட்சை. ஷார்தொனே, ஷெனான் என்ற வேறு திராட்சைகளும் கொஞ்சம் சேரலாம். முதலில் சாதாரண வைனாகப் புளிக்க வைத்து, பிறகு சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை புளிக்க வைப்பார்கள். நுரை அதில்தான் வருகிறது. ப்ருட் என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்குமேல் சர்க்கரை இருக்காது. குடித்தால் பச்சை ஆப்பிளைக் கடித்த மாதிரி புளிப்பு முந்தும்.

ஆன்செஸ்த்ரால் முழுக்க மொசாக். ஒரே முறைதான் புளிக்க வைப்பார்கள், அது முடியும் முன்பே பாட்டிலில் அடைத்துவிடுவார்கள். மிச்சச் சர்க்கரை அப்படியே தங்கும், ஆல்கஹாலும் சுமார் 6, 7 சதவீதத்தோடு நின்றுவிடும். அடியில் லேசாக மண்டி தெரிந்தால் பயப்பட வேண்டாம். லிமூவுக்குப் பக்கத்தில் உள்ள சென் இலேர் மடத்துத் துறவிகள் 1531-லேயே நுரை வைன் செய்தார்கள், ஷாம்பெயினுக்கெல்லாம் நாங்கள்தான் அண்ணன் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். உங்கள் நண்பரிடம் இந்தப் பேச்சை எடுத்தால் அன்று இரவு சாப்பாடு தாமதமாகும்!

சரி, விருந்துக்கு வருவோம். ஆட்கள் வந்ததும் ப்ருட்டைத் திறந்து, சூடான வடையோடு கொடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கை அந்தப் புளிப்பும் நுரையும் வெட்டிவிடும். தேங்காய்ச் சட்னியில் பச்சை மிளகாயைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பாணியும் வேண்டுமென்றால் சிப்பி, ஆட்டுப்பால் சீஸ் இரண்டும் இதற்கு நல்ல ஜோடி.

சிக்கனில்தான் கவனம் வேண்டும். மிளகாய்க் காரத்தோடு நுரையும் ஆல்கஹாலும் சேர்ந்தால் நாக்கு எரியும், வைன் ருசியே தெரியாது. மிளகாயை விட்டு மிளகு வறுவலாகச் செய்யுங்கள். லிமூவிலேயே பெப்ரதூ என்று மிளகு போட்ட உப்பு பிஸ்கட் உண்டு. அதை பிளாங்கெத்தோடு கொறிப்பார்கள். மிளகாய் இல்லாமல் முடியாது என்றால் அந்த நேரத்துக்கு ஆன்செஸ்த்ராலைக் கொடுங்கள். அதன் இனிப்பு காரத்தைத் தணிக்கும்.

சாக்லேட் கேக்குக்கு முன்னால் ப்ருட் வெறும் புளித்தண்ணீராகிவிடும். ஆன்செஸ்த்ராலும் சாக்லேட்டின் கசப்பில் அமுங்கிப்போகும். துலூஸ் பேக்கரிகளில் ஆப்பிள் குருஸ்தாத் கேட்டுப் பாருங்கள். மொறுமொறுவென்ற மெல்லிய மாவுத் தாள்களுக்குள் வெந்த ஆப்பிள். இனிப்பு பாட்டிலுக்கு இதைவிடப் பொருத்தம் எனக்குத் தெரியாது. ஒரு துண்டு ரோக்ஃபோர் சீஸும் வைத்தால் இன்னும் நல்லது.

இரண்டையும் 6 முதல் 8 டிகிரி குளிரில் கொடுங்கள். அவசரமென்றால் ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் அரை மணி நேரம் போதும். ஃப்ரீசரில் வைத்து மறந்துவிட்டால் பாட்டில் வெடிக்கலாம். திறக்கும்போது கம்பியைத் தளர்த்திய நொடியிலிருந்து கட்டை விரலை கார்க்கிலிருந்து எடுக்கக் கூடாது. பாட்டிலைச் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். கார்க்கைத் திருகாமல் பாட்டிலைத் திருப்புங்கள். 'டப்' சத்தம் வேண்டாம், 'உஸ்' என்றால் சரியாகத் திறந்திருக்கிறீர்கள்.

ஒரு பாட்டில் 750 மில்லி, ஆறு கிளாஸ் வரும். மிஞ்சினால் நுரை வைனுக்கென்றே விற்கும் மூடியைப் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள், மறுநாள் வரை தாங்கும். பாட்டிலின் வாயில் வெள்ளிக் கரண்டியைத் தொங்கவிட்டால் நுரை போகாது என்று விருந்தில் யாராவது சொல்வார்கள். அது வேலைக்கு ஆகாது.