டோம்போலா மேஜையில் ஒரு நடிகர்

அன்புள்ள அக்கா,

நான் இங்கிலாந்துக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. மருத்துவமனையில் செவிலியர் வேலை. வந்த புதிதில் நோயாளிகள் பேசுவது பாதிகூடப் புரியாது. நான் படித்த ஆங்கிலம் வேறு, வார்டில் தாத்தா பாட்டிகள் பேசும் ஆங்கிலம் வேறு. இரவு டியூட்டி முடிந்து அறைக்கு வந்தால் தூக்கமும் வராது. டிவியைப் போட்டால் ஒரு பழைய துப்பறியும் தொடர் ஓடும். அதில் இன்ஸ்பெக்டராக வருபவர் நிறுத்தி நிதானமாகப் பேசுவார். எதிரே இருப்பவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பார். அவரைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் எனக்கு இந்த ஊர்ப் பேச்சு பிடிபட்டது. வீட்டுக்கு ஃபோன் பண்ணக்கூட மனசு வராத அந்தக் குளிர்காலத்தில் எனக்குத் துணையாக இருந்தவர் அவர்தான்.

போன ஜூலையில் பக்கத்துக் கிராமத்தில் ஹாஸ்பிஸுக்கு நிதி திரட்ட ஒரு ஃபேட், அதாவது ஊர்க் கோடை விழா, நடந்தது. தொடங்கி வைக்க அவர் வருகிறார் என்று போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். எங்கள் வார்டு சிஸ்டர் அந்தக் கமிட்டியில் இருக்கிறார். நான் கேட்டதும் என்னை டோம்போலா மேஜையில், அதாவது பரிசுச் சீட்டு விற்கும் மேஜையில், உட்கார வைத்துவிட்டார். இரண்டு மணிக்கு அவர் ரிப்பன் வெட்டினார். இரண்டேகாலுக்கு மழை கொட்ட ஆரம்பித்தது. கூட்டத்தில் பாதி காருக்கு ஓடிவிட்டது. அவர் போகவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மேஜையாக வந்தார்.

என்னிடம் வந்து ஐந்து பவுண்டு நோட்டை நீட்டினார். ஆறு வருடமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. "சைபரிலோ ஐந்திலோ முடிந்தால் பரிசு" என்று மட்டும் சொன்னேன். பதினைந்து சீட்டு எடுத்தார். பதினான்கில் ஒன்றுமில்லை. கடைசிச் சீட்டில் தண்ணீர் பட்டு மை கலைந்திருந்தது. "இது 385-ஆ, 386-ஆ?" என்று கேட்டார். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஐந்துதான்" என்றேன். ஒரு டின் தக்காளி கிடைத்தது. "இன்று ராத்திரி சமையலுக்கு ஆச்சு" என்று கோட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் கூடாரத் துணியில் தண்ணீர் கட்டித் தொட்டில் மாதிரி தொங்கியது. அவர் ஒரு துடைப்பக் கட்டையை எடுத்து மேலே தள்ளி அவ்வளவு தண்ணீரையும் பின்பக்கம் கொட்டினார். நான் பரிசுப் பொருட்களை இழுத்து ஓரமாக வைத்தேன். நன்றி சொன்னேன். போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அழுதேன் அக்கா. ஒரு செல்ஃபிகூட எடுக்கவில்லையா என்று தோழிகள் கேட்கிறார்கள். கிடைத்த ஒரே வாய்ப்பை வீணாக்கிவிட்டேனா? இப்போது அவருக்குக் கடிதம் எழுதலாமா, இல்லை அது தொந்தரவா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நடிகரின் பெயர், தொடரின் பெயர், ஊர் மூன்றையும் எடுத்துவிட்டுத்தான் இங்கே போடுகிறேன். ஒரு நல்ல காரியத்துக்காக அவர் வந்த இடத்தில் நடந்தது இது. அவரைக் கேட்காமல் பெயரைப் போட மனம் வரவில்லை.

நீங்கள் எதையும் வீணாக்கவில்லை. ஆறுதலுக்காகச் சொல்வதாக நினைக்காதீர்கள். சஃபோக்கில் ஒரு கிராமத்தில் பதினேழு வருடமாக இருக்கிறேன். அநேகமாக எல்லாக் கோடையிலும் ஃபேட்டில் ஏதாவது ஒரு மேஜைக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். அங்கிருந்து பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

ஃபேட்டைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோடையில் ஒரு சனிக்கிழமை மதியம், ஊர்ப் புல்வெளியிலோ தேவாலயத் தோட்டத்திலோ நடக்கும். முக்கோணத் துணித் தோரணம் கட்டுவார்கள். வீட்டில் சுட்ட கேக், பழைய புத்தகம், செடி, பாய்லரில் டீ, நாய்களுக்கு ஒரு போட்டி. தேங்காய்களைக் கம்பத்தின் மேல் உட்கார வைத்து மரப்பந்தால் அடிக்கும் விளையாட்டு ஒன்று கட்டாயம் இருக்கும். விழுந்தால் தேங்காய் உங்களுக்கு. தேங்காய் விளையாத ஊரில் ஒரு குழந்தை அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவதை முதல் வருடம் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. எல்லாம் ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டு கணக்குத்தான். மழை வராத வருடம் அபூர்வம். ஜூலை 15, புனித ஸ்விதின் நாளில் மழை பெய்தால் அடுத்த நாற்பது நாளும் பெய்யும் என்பது இங்கே பழைய நம்பிக்கை.

பிரபலமான ஒருவர் தொடங்கி வைக்க வருவதில் ஒரு விஷயம் வெளியே தெரியாது. ரிப்பன் வெட்டுவது ஒரு நிமிட வேலை. அவருடைய உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு மேஜையாகப் போக வேண்டும், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் காசு போட வேண்டும். அவர் நிற்கிற இடத்தில் நாலு பேர் நிற்பார்கள், அவர் வாங்கினால் அவர்களும் வாங்குவார்கள். எங்கள் ஊரில் ஒரு வருடம், தொடங்கி வைக்க வந்தவர் முதல் தூறலிலேயே காரில் ஏறிவிட்டார். மூன்று மணிக்குப் புல்வெளி காலி. விடிய விடிய கேக் சுட்ட பெண்கள் அதை அப்படியே திரும்ப டப்பாவில் அடுக்கினார்கள். அந்த டப்பா மூடுகிற சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அதனால்தான் உங்கள் கடிதத்தில் "அவர் போகவில்லை" என்ற வரியில் நின்றுவிட்டேன். அந்த இரண்டு வார்த்தையில் அவர் யார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

அதுவும் ஹாஸ்பிஸுக்காக. நீங்கள் செவிலியர், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குணமாக்க முடியாத நோயில் இருப்பவர்களை வலியில்லாமல், மரியாதையோடு பார்த்துக்கொள்ளும் இடம் அது. பிரிட்டனில் இதற்கு நோயாளியிடம் பணம் வாங்குவதில்லை. பெரியவர்களுக்கான ஹாஸ்பிஸ்களின் செலவில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் அரசிடமிருந்து வருகிறது. மீதியில் பெரும்பகுதி இப்படி டோம்போலாவிலும் கேக்கிலும் பழைய துணிக் கடையிலும் உயில்களிலும் சேர்கிற பணம். நவீன ஹாஸ்பிஸ் ஆரம்பித்ததே ஒரு சின்னத் தொகையில்தான். 1948-இல் லண்டனில் புற்றுநோயில் இறந்துகொண்டிருந்த டேவிட் தாஸ்மா என்ற போலந்து யூதர், தன்னைப் பார்த்துக்கொண்ட சிசிலி சாண்டர்ஸிடம் 500 பவுண்டு விட்டுப்போனார். நீங்கள் கட்டப்போகும் இல்லத்தில் நான் ஒரு ஜன்னலாக இருக்கிறேன் என்றாராம். சிசிலி செவிலியராகப் பயிற்சி பெற்றவர், முதுகு வலியால் அதை விட்டுச் சமூகப் பணியாளர் ஆனவர். அந்த 500 பவுண்டுக்குப் பிறகு மருத்துவமும் படித்தார். சிடன்ஹாமில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ் திறந்தது 1967-இல். ஜன்னலுக்குச் சுவர் கட்டவே பத்தொன்பது வருடம் ஆகியிருக்கிறது.

அந்த வரிசையில்தான் உங்கள் மேஜையில் அவர் நீட்டிய ஐந்து பவுண்டும் வருகிறது. அதை வாங்கிக்கொண்டு விதியைச் சரியாகச் சொன்னீர்கள். அந்த நிமிடத்தில் அவருக்கு உங்களிடமிருந்து வேண்டியிருந்தது அதுதான். நனைந்த சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்களே, அங்கே நான் உங்கள் வேலையைப் பார்த்தேன். மருந்துப் புட்டியின் எண்ணைப் பார்க்கிற கண் அது. பிடித்த நடிகர் எதிரே நிற்கிறார், "ஏதோ ஒன்று, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். நீங்கள் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள். அவரும் நீங்கள் சொல்லும்வரை நின்றார். எதிரே இருப்பவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பார் என்று தொடரைப் பற்றி நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்?

அழுகை எங்கிருந்து வந்தது என்றும் யோசித்தேன். நடிகரைப் பார்ப்பது என்றால் என்ன என்று நமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. என் சித்தி 1977 தேர்தல் சமயத்தில் எம்.ஜி.ஆரைப் பார்க்கக் காலையிலிருந்து ரோட்டோரம் நின்றார். வேன் வந்தபோது ராத்திரி ஆகிவிட்டது. தொப்பி தெரிந்தது, கறுப்புக் கண்ணாடி தெரிந்தது, ஒரு கை ஆடியது. "கையே என்னா செவப்பு தெரியுமா" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் யாரும் அதைக் கேட்டுச் சிரித்ததில்லை. அவர் அன்றைக்குப் பார்த்தது அவருக்கு முழுசாகப் போதுமானதாக இருந்தது. உங்களுக்குக் கிடைத்தது வேறு மாதிரி, நம் பழக்கத்தில் அதற்கு இடமே இல்லை. ஒரே கூடாரத்துக்குக் கீழே இரண்டு பேரும் நனையாமல் இருக்க வேலை பார்த்திருக்கிறீர்கள். அவர் தண்ணீரைத் தள்ள, நீங்கள் சாமானை நகர்த்த. இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியாமல்தான் அழுதிருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

செல்ஃபியைப் பற்றி எனக்குப் பெரிய எதிர்ப்பு ஒன்றுமில்லை. கேட்டிருந்தால் அவர் நின்றிருப்பார். ஆனால் அப்போது அந்தத் துணி உங்கள் தலைமேல் கிழிந்திருக்கும்.

சரி, கடிதம். கண்டிப்பாக எழுதுங்கள். தொந்தரவே இல்லை. மேடையிலும் திரையிலும் வேலை செய்கிறவர்களுக்குக் கைதட்டல் கேட்கும். இருபது வருடத்துக்கு முன்னால் எடுத்த ஒரு காட்சி, இரவு டியூட்டி முடிந்த ஒரு பெண்ணின் அறையில் என்ன செய்தது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? யாராவது எழுதினால்தான் தெரியும்.

வீட்டு முகவரியைத் தேடாதீர்கள், யாரிடமும் கேட்கவும் வேண்டாம். இங்கே நடிகர்களுக்கு ஏஜென்ட் உண்டு. அந்த அலுவலக முகவரி பொதுவில் கிடைக்கும், அங்கே அனுப்பினால் சேர்த்துவிடுவார்கள். அவர் நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தால் அந்தத் தியேட்டரின் ஸ்டேஜ் டோர் (நடிகர்கள் உள்ளே போகும் வாசல்) முகவரிக்கே, அவர் பெயரைப் போட்டு அனுப்பலாம். ஒரு பக்கம் போதும். கையால் எழுதுங்கள். இன்ஸ்பெக்டர் பெயரைச் சொல்லி அழைக்க வேண்டாம், அவருடைய சொந்தப் பெயரில் எழுதுங்கள். "நான் உங்கள் தீவிர ரசிகை" என்று ஆரம்பித்தால் அந்த வரியை அடித்துவிட்டு அடுத்த வரியிலிருந்து தொடங்குங்கள். எந்த வார்த்தையை அவரிடமிருந்து கற்றீர்கள், அதை வார்டில் எந்தப் பாட்டியிடம் முதல் தடவை சொன்னீர்கள், பாட்டிக்கு அது புரிந்ததா, அதை எழுதுங்கள். பாட்டியின் பெயர் வேண்டாம். அப்புறம், டோம்போலா மேஜையில் சீட்டை வெளிச்சத்தில் பார்த்தவள் நான்தான் என்று ஒரு வரி. அவருக்கு ஞாபகம் இருக்கும். துடைப்பக் கட்டையை யார் மறப்பார்கள்?

படம் கேட்காதீர்கள், கையெழுத்து கேட்காதீர்கள், பதில் எதிர்பார்ப்பதாகவும் எழுதாதீர்கள். கேட்பது தப்பு என்று சொல்லவில்லை. இங்கே ஸ்டாம்ப் ஒட்டிய கவரை உள்ளே வைத்துக் கேட்கிற வழக்கம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் உங்களிடம் அவருக்குக் கொடுக்க ஒன்று இருக்கிறது. அந்தக் கடிதத்தில் அது மட்டும் இருக்கட்டும்.

இன்னொன்று. அவர் கொடுத்த நோட்டு நனைந்தாலும் கெட்டிருக்காது, 2016-லிருந்து ஐந்து பவுண்டு பாலிமரில்தான் வருகிறது. சீட்டு அப்படி இல்லை, வெறும் காகிதம். டோம்போலாவில் ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு பாதி உண்டு, உங்களுக்குத் தெரியும். 385-இன் ஒரு பாதி டின்னில் ஒட்டியிருந்திருக்கும், அது அவருடைய கோட் பாக்கெட்டில் போய்விட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த இன்னொரு பாதியை என்ன செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வாளியில் போட்டிருந்தால் அன்றைக்கே குப்பைக்குப் போயிருக்கும். அன்று போட்டிருந்த ஏப்ரனின் பாக்கெட்டையோ ரெயின்கோட் பாக்கெட்டையோ ஒருமுறை துழாவிப் பாருங்கள்.

அன்புடன்,
அக்கா