வேலை ஆட்டம் காணும்போது மோட்கேஜும் கல்கரி யோசனையும்

கேள்வி: ஒன்ராறியோ மாகாணத்தில் ஒசாவாவுக்கு அருகே கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன், ஆண்டு வருமானம் 72,000 டொலர். 2021இல் 560,000 டொலர் மோட்கேஜில் (வீட்டுக் கடனில்) ஏஜாக்ஸில் வீடு வாங்கினோம். வட்டி 1.9 சதவீதம், ஒக்டோபரில் புதிய வட்டியில் புதுப்பிக்க வேண்டும். ட்ரம்பின் வரிக்குப் பிறகு எங்கள் ஷிஃப்ட் குறைந்துவிட்டது. ஓய்வுக்காலச் சேமிப்பான ஆர்.ஆர்.எஸ்.பி.யில் உள்ள 40,000 டொலரை எடுத்து மோட்கேஜில் கட்டலாமா? அல்பேர்ட்டா மாகாணத்தின் கல்கரியில் இருக்கும் மைத்துனரோ, எண்ணெய்க்கு வரி இல்லை, வேலையை விட்டுவிட்டு இங்கே வா என்கிறார். நண்பர்களுடன் மாதம் 500 டொலர் சீட்டும் கட்டுகிறேன்.

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா வெளிநாட்டுக் கார்களுக்கு 25 சதவீத வரி விதிக்கத் தொடங்கியது. கனடாவில் பொருத்தப்படும் கார்களில் அமெரிக்கப் பாகங்களின் மதிப்பைக் கழித்து மீதிக்கு மட்டுமே அந்த வரி. கனடா, அமெரிக்கா, மெக்சிகோ மூன்றுக்கும் இடையிலான குஸ்மா வணிக ஒப்பந்த விதிகளுக்கு உட்பட்ட உதிரிப்பாகங்களுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்றாலும், வாங்குகிற கார்த் தொழிற்சாலை சுருங்கினால் அந்த விலக்கால் உங்களுக்குப் பயன் குறைவு. பிரம்டனில் தயாரிக்கவிருந்த ஜீப் கொம்பஸ் அமெரிக்காவின் இலினோய்க்குப் போனதும், ஒசாவா ஜி.எம். ஆலையில் மூன்றாவது ஷிஃப்ட் நிறுத்தப்பட்டதும் நீங்கள் அறிந்தவையே. ஆகவே உங்கள் மேற்பார்வையாளரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நம் பாகம் எந்த ஆலைக்கு, எந்த மொடலுக்குப் போகிறது?

ஆர்.ஆர்.எஸ்.பி.யை இப்போது தொட வேண்டாம். 40,000 டொலரை ஒரேயடியாக எடுத்தால் வங்கி 30 சதவீதம், அதாவது 12,000 டொலர், வரியாகப் பிடித்துக்கொண்டு 28,000 டொலர்தான் தரும். எடுத்த தொகை முழுவதும் அவ்வாண்டு வருமானத்தில் சேரும், இழந்த பங்களிப்பு இடமும் (ஆர்.ஆர்.எஸ்.பி.யில் போட அனுமதித்த வரம்பும்) திரும்பாது. உங்கள் மீதிக்கடன் ஏறத்தாழ 468,000 டொலர். அதில் 28,000 கட்டினால் மாதத் தவணை 170 டொலர் அளவே குறையும். வேலையே போய் வருமானம் விழுந்த ஆண்டில் சிறிது சிறிதாக எடுத்தால் வரிச்சுமை இதைவிடக் குறைவு.

பெரிய வித்தியாசம் புதுப்பிப்பில்தான் இருக்கிறது. இப்போது மாதம் 2,345 டொலர் கட்டுகிறீர்கள், 4.2 சதவீதம் என்று வைத்தால், மீதமுள்ள 20 ஆண்டுகளில் கட்டி முடிக்க 2,880 டொலர் வரும். அதையே 25 ஆண்டுகளாக நீட்டினால் 2,510 டொலர். மொத்த வட்டி கூடும் என்பதை மறைக்கவில்லை. ஆனாலும் நான் நீட்டவே சொல்வேன். தவணைக் காலத்தை நீட்டுவதென்றால் வருமானச் சான்று கேட்கக்கூடும் என்பதால், சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே, கோடையிலேயே வங்கியுடன் பேசுங்கள். வேலை போனால் அரசு தரும் வேலைக் காப்புறுதி 2026இல் வாரத்துக்கு அதிகபட்சம் 729 டொலர், அதுவும் வரிக்கு உட்பட்டது; மாதத்துக்கு 3,150 டொலர் அளவான அந்தத் தொகையில் 2,880 டொலர் தவணையை எப்படிக் கட்டுவீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மைத்துனர் சொல்வதில் பாதி உண்மை. குஸ்மா விதிகளுக்கு உட்பட்ட எண்ணெய்க்கு வரி விலக்கு உண்டு. அல்பேர்ட்டாவில் மாகாண விற்பனை வரியும் இல்லை, 5 சதவீத கூட்டாட்சி வரியோடு முடிகிறது. ஒன்ராறியோவில் 13 சதவீதம். இந்த நலன் வேறுபாடுதான் அரசியலிலும் தெரிகிறது: 2025 தொடக்கத்தில் மாகாண முதல்வர்களின் கூட்டறிக்கையில் அல்பேர்ட்டா முதல்வர் டானியேல் ஸ்மித் எண்ணெய் ஏற்றுமதியை ஆயுதமாக்கக் கூடாதென்று கையெழுத்திட மறுத்தார், ஒன்ராறியோ முதல்வர் டக் ஃபோர்ட் அமெரிக்காவுக்கான மின்சாரத்துக்கு 25 சதவீத கூடுதல் கட்டணம் விதித்துவிட்டு மறுநாளே நிறுத்தி வைத்தார். ஆனால் 2014இல் எண்ணெய் விலை சரிந்தபோது கல்கரியில் எத்தனை குடும்பங்கள் வேலை இழந்தன என்பதையும் மைத்துனரிடம் கேளுங்கள். முக்கியமானது வேறொன்று: தகுந்த காரணமின்றி நீங்களாக வேலையை விட்டால் வேலைக் காப்புறுதி பொதுவாகக் கிடைக்காது. போவதானால் அங்கே வேலைக் கடிதம் கையில் வந்த பிறகு போங்கள். அதுவரை ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள்.

குஸ்மாவின் கூட்டு மீளாய்வுக்கு ஒப்பந்தமே குறித்த நாள் 2026 ஜூலை 1. அதற்குப் பிறகும் பேச்சுவார்த்தை இழுபடலாம் என்பதால், அரசியல் முடிவுக்காகக் காத்திராமல் நான்கு மாதச் செலவைக் கையில் சேருங்கள். தொடங்கிய சீட்டைக் கட்டி முடித்து, உங்கள் முறை வரும்போது வரும் பணத்தை வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். பத்திரமில்லாத இன்னொரு சீட்டில் மட்டும் இப்போது பெயர் கொடுக்காதீர்கள்.