விபிஎஸ் வாங்கலாம், ஆனால் யார் பெயரில்?

கேள்வி: ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். வூகாமர்ஸ் என்ற கடை மென்பொருளில் நடக்கும் எங்கள் ஆன்லைன் கடை தீபாவளி நேரத்தில் திணறுகிறது. ஷேர்டு ஹோஸ்டிங்கை விட்டு விபிஎஸ்ஸுக்கு மாறினால் சரியாகிவிடும், எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறார் தளம் செய்து கொடுத்தவர். மாறலாமா?

பதில்: மாறலாம். ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரைப் பல தளங்கள் பங்கு போடுகின்றன. விபிஎஸ் என்பது ஒரு சர்வருக்குள் உங்களுக்கென்று பிரித்துத் தரும் தனிப் பகுதி. அதில் ராம் (சர்வர் வேலை செய்யும் நினைவகம்) உங்களுக்கென்று ஒதுக்கப்படும். 1 ஜிபி திட்டத்தை மட்டும் எடுக்காதீர்கள். கூட்டம் கூடும்போது ராம் போதாமல், சர்வரை இயக்கும் லினக்ஸே உங்கள் ஆர்டர் விவரங்கள் இருக்கும் டேட்டாபேஸை நிறுத்திவிடும். 4 ஜிபி, மும்பை அல்லது பெங்களூரு சர்வர், போதும். மலிவான திட்டங்களில் அப்டேட், ஃபயர்வால், பேக்கப் எல்லாம் உங்கள் தலையில்தான் விழும்.

என் பயமெல்லாம் அந்த ‘நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்ற பேச்சின் மேல்தான். தளம் செய்து தரும் பலர் தங்கள் ஈமெயிலில் கணக்கு திறந்து, தங்கள் பெயரிலேயே டொமைனும் (தளத்தின் இணைய முகவரி) வாங்கி, உங்களிடம் ஆண்டுக் கட்டணம் மட்டும் வாங்குவார்கள். ஒரு சண்டை வந்தால் கடை அவர் கையில். டாட் காம் டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளக் கேட்டால், டொமைன் விற்ற நிறுவனம் அதற்கான ரகசிய எண்ணை (ஆத் கோடு) 5 நாளில் தர வேண்டும் என்று, டொமைன்களை மேற்பார்க்கும் ஐகேன் அமைப்பின் விதி இருக்கிறது. ஆனால் அது பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு! பணம் கட்டியவர் ரசீதைக் காட்டிக்கொண்டு அலைய வேண்டியதுதான். எத்தனை வருடமாக இதே கூத்து. டொமைன், சர்வர் இரண்டும் உங்கள் ஈமெயிலில், உங்கள் கார்டில் இருக்கட்டும். அவருக்குத் தனி லாகின் கொடுங்கள். சர்வரில் சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸ் வகையைப் போடுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அதற்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஓடு முடிந்துவிட்டது.

பேக்கப் வேறு நிறுவனத்தில் இருக்க வேண்டும். 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பும் அங்கேயே இருந்தவர்கள் தளம், பேக்கப் இரண்டையும் இழந்தார்கள்.

எல்லாவற்றையும் விபிஎஸ்ஸுக்குக் கொண்டுபோகலாம், மெயிலைத் தவிர. உங்களுக்குக் கிடைக்கும் ஐபி முகவரியில் முன்பு யாராவது ஸ்பேம் அனுப்பியிருந்தால், உங்கள் ஆர்டர் மெயிலும் ஸ்பேமுக்குப் போகும். பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் மெயில் வெளியே போகும் வழியான 25-ஆம் போர்ட்டையே அடைத்து வைத்திருக்கின்றன. மெயில் உண்மையில் உங்களுடையதுதான் என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் அமைப்புகளை எல்லாம் சரியாக வைத்தாலும் ஜிமெயில் ஏற்கும் என்று உறுதியில்லை. மெயிலுக்குத் தனிச் சேவை எடுங்கள். அப்புறம், மாறுவதை ஆடி மாதத்திலேயே முடித்துவிடுங்கள். ஐப்பசியில் கை வைக்க வேண்டாம்.