படத்தில் பழம், பெட்டியில் சர்க்கரை

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, தினமும் கூடுதலாகப் பழமும் காய்கறியும் சாப்பிட வேண்டும் என்று முடிவு செய்து, அதற்காக எதையாவது வாங்கியவர்களும் வாங்கப் போகிறவர்களும் எழுதியவை. அவற்றைச் சுருக்கி இங்கே தந்திருக்கிறேன்.

கேள்வி: குடும்பத்தில் எல்லோரும் தினமும் பழம் சாப்பிட வேண்டும் என்பதற்காக ஜூஸர் வாங்க நினைக்கிறோம். எந்த வகை நல்லது?

எந்த வகையும் வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன்பு, கடையில் செய்து காட்டிய விற்பனையாளரின் பேச்சை நம்பி நானும் ஒன்றை வாங்கினேன். ஒரு டம்ளர் சாறுக்கு நான்கு ஆரஞ்சுகளை உரித்துப் போட வேண்டியிருந்தது. குடித்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதன் பிறகு ஏழு பாகங்களைக் கழற்றி, வடிகட்டியின் நுண்துளைகளில் அடைத்துக்கொண்ட நாரைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கக் கால் மணி நேரம் ஆனது. மூன்றாவது வாரத்தில் அந்த இயந்திரம் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. செலவழித்த பணத்தைவிட இன்றும் என்னை உறுத்துவது, நாள்தோறும் குப்பையில் கொட்டிய சக்கைதான், ஏனென்றால் பழத்தின் நார்ச்சத்தில் பெரும்பகுதி அதோடு போய்விட்டது.

வீட்டிலேயே பிழிந்த சாறாக இருந்தாலும், அதிலுள்ள சர்க்கரையை உலக சுகாதார நிறுவனம் தேனோடும் சர்க்கரைப் பாகோடும் ஒரே கணக்கில்தான் வைக்கிறது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு இந்த வகைச் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் மேலும் நல்லது என்பது அதன் 2015ஆம் ஆண்டுப் பரிந்துரையின் சாரம். 250 மில்லி ஆரஞ்சுச் சாறிலேயே ஏறக்குறைய 20 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஜூஸருக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல கத்தி ஒன்றும் வெட்டும் பலகை ஒன்றும் வாங்கிக்கொண்டு, மீதிக்குப் பழமே வாங்குங்கள்.

கேள்வி: ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிட வேண்டும்? உருளைக்கிழங்கைச் சேர்த்துக்கொள்ளலாமா?

பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் குறைந்தது 400 கிராம். இரண்டு முதல் ஐந்து வயதுவரை 250 கிராம், ஆறு முதல் ஒன்பது வயதுவரை 350 கிராம். உருளைக்கிழங்கு இந்தக் கணக்கில் சேராது.

கேள்வி: என் மகன் காய்கறியையும் பழத்தையும் தொட மாட்டான் என்பதால், கலப்புப் பழங்களின் படம் போட்ட பானப் பெட்டிகளை ஓராண்டாகத் தினமும் இரண்டு கொடுத்துவந்தேன். சென்ற வாரம்தான் பின்பக்கத்தைப் படித்தேன். பழத்தின் அளவு 12 சதவீதம் என்றிருக்கிறது. என்னை ஏமாற்றிவிட்டார்களா, அல்லது நான்தான் ஏமாந்தேனா?

உங்களை ஏமாற்றிவிட்டார்கள். குழந்தைக்கு நல்லது செய்ய நினைத்துப் பணம் கொடுத்த ஒரு தகப்பன் தன்னைத்தானே நொந்துகொள்ளத் தேவையில்லை. பெட்டியின் முன்பக்கத்தில் பனித்துளி சொட்டச் சொட்டப் பழங்களைப் பெரிதாக அச்சடித்து, உண்மையை மட்டும் பின்பக்க மடிப்பின் ஓரத்தில் கடுகளவு எழுத்தில் ஒளித்துவைக்கும் இந்த வழக்கத்தைப் பற்றி நான் பல முறை எழுதியிருக்கிறேன். அது மாறும்வரை எழுதிக்கொண்டே இருப்பேன்.

பழச்சாறு, நெக்டார், பழ பானம் ஆகிய மூன்றும் ஒரே பொருள் அல்ல. சாறு என்றால் பழத்திலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். நெக்டாரில் பழத்தோடு தண்ணீரும் சேரும், பெரும்பாலும் சர்க்கரையும் சேரும். பானம் என்று வந்துவிட்டால் பழம் பெயரளவுக்குக்கூட இருக்கலாம். பொட்டலத்தில் அடைத்த உணவுகளுக்கான சர்வதேச விதித்தொகுப்பான கோடெக்ஸின்படி, மூலப்பொருள்களை எடையின் இறங்குவரிசையில் எழுத வேண்டும். அதாவது பட்டியலில் முதலில் நிற்பதுதான் பெட்டிக்குள் மிக அதிகம். உங்கள் பெட்டியில் தண்ணீர் முதலிலும் சர்க்கரை இரண்டாவதாகவும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே, பழம் கலந்த சர்க்கரைத் தண்ணீரைத்தான் உங்களுக்கு விற்றிருக்கிறார்கள்.

இதைவிட மோசமான தந்திரம் ஒன்று உண்டு. ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை, பழத்தாலேயே இனிப்பூட்டப்பட்டது’ என்று எழுதிவிட்டு, ஆப்பிள் அல்லது திராட்சையின் சாறைச் சுண்டவைத்த கான்சென்ட்ரேட்டைச் சேர்ப்பார்கள். நாரும் பெரும்பகுதி நீரும் நீங்கிய அந்தப் பாகு, உடலுக்குள் போனபின் சர்க்கரையாகத்தான் வேலை செய்யும். படத்தில் இருப்பது ஸ்ட்ராபெரி, உள்ளே இருப்பது பெரும்பாலும் ஆப்பிள் பாகு என்ற நிலையை நானே பல பெட்டிகளில் பார்த்திருக்கிறேன்.

காலிப் பெட்டியையும் ரசீதையும் வைத்திருங்கள். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தெளிவாகப் படமெடுத்து, தயாரிப்பு நிறுவனத்துக்கு ஒன்றும் உங்கள் நாட்டின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புக்கு ஒன்றுமாகப் புகார் எழுதுங்கள். மகனுக்கு, தோலோடு நறுக்கிய ஒரு பழத்தை அவன் பசியோடு வீட்டுக்குள் நுழையும் நேரத்தில் எதிரே வையுங்கள். முதல் சில நாள்கள் தொடாவிட்டாலும் வைப்பதை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: சலுகை விலையில் கிடைத்ததால் ஒரு மாதத்துக்கான கீரையும் காய்களும் வாங்கி, ஆப்பிள்களோடு ஃபிரிட்ஜில் ஒரே அறையில் அடுக்கினேன். ஐந்து நாளில் பாதி அழுகிவிட்டது. பழைய சரக்கை விற்ற கடைமீது எப்படிப் புகார் செய்வது?

கடைமீது புகார் செய்ய இதில் ஒன்றும் இல்லை. ஒரு மாதத்துக்குத் தாங்கும் கீரை எந்தக் கடையிலும் கிடையாது. சலுகை என்ற சொல்லைப் பார்த்ததும் வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று எண்ணிப் பார்க்காமல் வாங்கியது நீங்கள். அதைவிட, ஆப்பிளோடு சேர்த்து வைத்ததும் நீங்கள். ஆப்பிளும் பழுத்த வாழையும் எத்திலீன் என்னும் வாயுவை வெளியிடுகின்றன. அது பக்கத்தில் இருக்கும் இலைகளை விரைவில் மஞ்சளாக்கி வாடவைத்துவிடும். வாரத்துக்கு இருமுறை, மூன்று நான்கு நாளுக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். முதல் இரண்டு நாளில் கீரையைத் தீர்த்துவிட்டு, கேரட்டையும் முட்டைக்கோஸையும் பின்னால் எடுத்துக்கொள்ளலாம். ஈரத்தோடு எதையும் மூடி வைக்காதீர்கள்.

கேள்வி: உறையவைத்த காய்கறிகளில் சத்து இருக்காது என்கிறார்களே?

தவறான பேச்சு. பறித்த சிறிது நேரத்தில் வெந்நீரில் சற்றே வாட்டி உறையவைத்த பட்டாணி, பல நாள் பயணம் செய்து கடைத் தட்டில் வாடிய பட்டாணிக்குச் சத்தில் குறைந்ததல்ல. சமைக்க நேரமில்லாதவர்களுக்கு இதைவிட எளிய வழியும் இல்லை. வாங்கும்போது பையைக் கையால் அசைத்துப் பாருங்கள்: மணிகள் தனித்தனியாக உருள வேண்டும். ஒரே கட்டியாக இருந்தால், இடையில் உருகி மறுபடியும் உறைந்த சரக்காக இருக்கக்கூடும். உப்போ சாஸோ சேர்த்ததைத் தவிர்த்து விடுங்கள்.

கேள்வி: காய்கறி கழுவுவதற்கென்று விற்கும் திரவம் அவசியமா?

அவசியமில்லை. ஓடும் குழாய் நீரில் கையால் தேய்த்துக் கழுவினால் போதும்.

கேள்வி: ‘ஒரு கரண்டியில் பத்துக் காய்கறிகள்’ என்று சொல்லி, தனியாக வசிக்கும் என் அம்மாவுக்குத் தொலைபேசியில் ஆறு டப்பா பச்சை நிறப் பொடியை விற்றுவிட்டார்கள். அவர் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார்.

இன்றே பொடியை நிறுத்தச் சொல்லிவிட்டு, டப்பாவை அவருடைய மருத்துவரிடம் காட்டுங்கள். பச்சை இலைகளில் வைட்டமின் கே நிறைய உண்டு. அதன் அளவு திடீரென்று கூடினால் வார்ஃபரினின் வேலை குறையும். அவர் வழக்கமாகச் சாப்பிடும் கீரையைப் பயந்து ஒரேயடியாக நிறுத்திவிடவும் கூடாது, ஏனென்றால் அந்த மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதுதான் முக்கியம்.

விற்றவர்கள் சொன்ன கணக்கையும் பாருங்கள். பெரும்பாலான காய்கறிகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நீர்தான். ஆகவே, 10 கிராம் பொடி முழுவதும் காய்கறியே என்று வைத்துக்கொண்டாலும், அது சுமார் 100 கிராம் காய்கறிக்குத்தான் சமம், அதாவது ஒரு நாளைய தேவையில் கால் பங்கு. அதைப் பத்துக் காய்கறிகள் என்று ஒரு முதியவரிடம் விற்றவர்கள்மீது எனக்குக் கடும் கோபம் வருகிறது. பிரிக்காத டப்பாக்களைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணம் தருமாறு எழுத்துமூலம் கேளுங்கள். பல நாடுகளில் தொலைபேசியில் வாங்கிய பொருளை ரத்து செய்யக் குறிப்பிட்ட நாள்கள்வரை உரிமை உண்டு; அந்த நாள்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதால் தாமதிக்காதீர்கள்.

கேள்வி: எதையும் புதிதாக வாங்காமல் காய்கறியைக் கூட்ட வழி உண்டா?

இப்படி ஒரு கடிதத்துக்காகத்தான் காத்திருந்தேன். தட்டில் காய்கறியை முதலில் பரிமாறி, பாதித் தட்டு நிறைந்த பின் மற்றவற்றை வையுங்கள். நீங்கள் ஏற்கெனவே சமைக்கும் சூப்பிலோ முட்டையிலோ ஒரு கேரட்டைத் துருவிப் போடுங்கள். வேகவைத்த நீரை வடித்துக் கொட்டினால் வைட்டமின் சியின் ஒரு பகுதி அதோடு போய்விடும் என்பதால், குறைந்த நீரில் மூடி வேகவையுங்கள். கேரட்டும் கீரையும் சிறிது எண்ணெயோடு சேர்ந்தால் அவற்றிலுள்ள கரோட்டினை உடல் நன்றாக ஏற்கும். ஃபிரிட்ஜின் அடித்தட்டு இழுப்பறையில் கிடக்கும் காய்களை நறுக்கி, கண்ணுக்கு நேரே இருக்கும் தட்டில் கண்ணாடிக் கிண்ணத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் இந்த இடமாற்றத்தைச் செய்த வாரத்திலிருந்து வெள்ளரித் துண்டுகள் மாலைவரை மிஞ்சியதில்லை.